கீழ்வீட்டு இணைப்பு

மிக்ஸி ஓடும்போது இணையம் அறுந்துபோனால் யாரும் மிக்ஸியைச் சந்தேகிப்பதில்லை. கம்பெனிக்காரனைத் திட்டுவார்கள், மழையைக் குறை சொல்வார்கள், ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். சட்னி அரைத்து முடித்ததும் இணைப்பு தானாகத் திரும்பிவிடும். அணைத்துப் போட்டதால்தான் சரியாயிற்று என்று நம்பிக்கொள்வார்கள். நான் முப்பத்தோரு வருடம் பெண்கள் பாலிடெக்னிக் ஒன்றில் மின்னியல் ஆய்வகத்தில் பாடம் நடத்தியவள். எதை யாரும் சந்தேகிக்கமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறைப் பிடித்த மாதிரி என்று மாணவிகளுக்குச் சொல்வேன்.

நடந்ததை முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எழுதுகிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை என்பதையும் இங்கேயே குறித்துவிடுகிறேன்.

என் பெயர் நீரஜா. வயது அறுபத்திரண்டு. கணவர் வெங்கடரமணன் காலமாகிப் பன்னிரண்டு வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. ஆழ்வார்பேட்டையில் நான் குடியிருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னதால் வேறு வீடு பார்க்க வேண்டியிருந்தது. தரகர் சுப்புராயன் மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டுக்கு அழைத்துப் போனார். கீழே உரிமையாளர், மாடியில் இரண்டு அறை வாடகைக்கு. கேட்டில் பெயர்ப்பலகை இருந்தது. எஸ். ஸ்ரீனிவாசராகவன், தலைமைப் பொறியாளர், ஓய்வு.

அந்த வீட்டை நான் தேடிப் போகவில்லை. பெயரைப் பார்த்த பிறகு வேறு வீடு தேடவும் இல்லை.

அந்தப் பெயரை நான் ஓர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பார்த்திருந்தேன். என் கணவர் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையின் துணைமின் நிலையத்தில் ஷிப்ட் இன்ஜினியராக இருந்தார். அந்தத் தொழிற்சாலையை இப்போது மூடிவிட்டார்கள். 2008இல் ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு ஒரு லைனில் மின்சாரத்தை நிறுத்தி, பழுது பார்க்க பொன்ராஜ் என்ற தொழிலாளி கம்பத்தில் ஏறினார். வேலை முடிந்ததும் அங்கிருந்து கட்டுப்பாட்டறைக்கு ஃபோன் வர வேண்டும். வந்த பிறகுதான் சுவிட்சைப் போடலாம். பதினோரு மணிக்கு என் கணவர் சுவிட்சைப் போட்டார். பொன்ராஜ் அப்போதும் மேலேதான் இருந்தார். அவருக்கு இருபத்தொன்பது வயது.

"ஃபோன் வந்தது நீரஜா. வேலை முடிஞ்சாச்சுன்னு சொன்னா. என் காதால கேட்டேன்" என்று என் கணவர் சொன்னார். விசாரணையிலும் அதையே சொன்னார். கீழே நின்ற ஆட்கள் யாரும் அப்படி ஃபோன் செய்யவில்லை என்றார்கள். வெளியிலிருந்து விசாரணை அதிகாரியாக வந்த ஸ்ரீனிவாசராகவன் நான்கு மாதம் விசாரித்து எழுதினார்: அழைப்பு வந்ததாக அவர் உண்மையாகவே நம்புகிறார், ஆனால் அவருடைய நினைவைச் சான்றாக ஏற்க இயலாது.

கட்டாய ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். வழக்கு இல்லை, சிறை இல்லை. அதிர்ஷ்டம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அந்த அதிர்ஷ்டத்தோடு என் கணவர் மூன்று வருடம் வாழ்ந்தார். வாசல் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, மறுபடி ஏறிப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். சாப்பிட்டுக் கையலம்பி வந்து, "நான் சாப்பிட்டேனோ?" என்று கேட்பார். சட்டைப் பையில் துண்டுக் காகிதங்களாக வைத்திருப்பார். பல் தேய்த்தாயிற்று, பால் வாங்கியாயிற்று என்று எழுதியிருக்கும். ஒரு மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இருதயம் என்றார்கள்.

அவர் பொய் சொன்னார் என்று எழுதியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பொய் என்று சொன்னால் சண்டை போடலாம். உன் தலைக்குள் இருப்பதே சரியில்லை என்று எழுதிவிட்டால் அந்த மனிதன் யாரோடு போய்ச் சண்டை போடுவான்?

இருந்தாலும், குடிவந்த முதல் ஒன்றரை வருடம் நான் எதுவும் செய்யவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஸ்ரீனிவாசராகவனை மாமா என்றுதான் கூப்பிடுவேன்; அவருக்கு எழுபத்தேழு வயது. மனைவி போய்விட்டாள். ஒரே மகள் சாருலதா மெல்போர்னில் இருந்தாள். சமைக்க அபயாம்பாள் என்ற அம்மாள் காலையில் வந்து இரண்டு வேளைக்கும் செய்து வைத்துவிட்டுப் போவார். மாமா அந்த வயதிலும் வேலை செய்தார். கம்பெனிகளுக்குள் ஒப்பந்தத் தகராறு வந்தால் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்லும் நடுவர் வேலை. தொற்றுக் காலத்திலிருந்து அதெல்லாம் வீடியோவில் நடந்தது. வாரம் மூன்று நாள் வெள்ளைச் சட்டை, கோட்டு போட்டுக்கொண்டு பின்னறையில் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவார். பஞ்சகச்சத்துக்கு மேலே கோட்டு. இடுப்புக்குக் கீழே யார் பார்க்கப்போகிறார்கள் என்று சிரிப்பார்.

ரூட்டர் இருந்தது முன் ஹாலில். பின்னறை முற்றத்தைத் தாண்டி. நடுவில் ஒன்றரை அடிச் சுவர்கள். வைஃபை அங்கே எட்டாது. அதனால் சாருலதா ஒரு தடவை வந்தபோது பவர்லைன் அடாப்டர் ஒரு ஜோடி வாங்கிப் பொருத்தியிருந்தாள். ஒன்றை ரூட்டரோடு இணைத்து ஹால் பிளக்கில் செருகினால், வீட்டு மின்கம்பி வழியாகவே இணையம் ஓடி, பின்னறையில் செருகிய மற்றதில் வெளியே வரும். நல்ல கருவிதான். ஆனால் அதே கம்பியில் வேறு ஏதாவது மின் இரைச்சல் வந்தால் இணையம் அதில் அடிபட்டுப்போகும்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு மாமா மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தார்.

"நீரஜா, நீ இதெல்லாம் பாடம் எடுத்தவளாச்சே. கொஞ்சம் வந்து பாரேன். பேசிண்டே இருக்கேன், பட்டுனு நின்னுபோயிடறது. அந்த முதஸ்ஸிர் மூணு தடவை வந்து பார்த்துட்டான்."

முதஸ்ஸிர் என்பவர் இணையக் கம்பெனியின் ஆள். அவர் ரூட்டர் வரைக்கும்தான் பார்ப்பார். நான் போய்ப் பார்த்தேன். பின்னறை அடாப்டரை ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தார்கள், பிரிண்டர், மொபைல் சார்ஜர் இவற்றோடு. அப்படிச் செய்யக் கூடாது. மின் ஏற்றத்தைத் தடுக்கும் பாக்ஸ் இணையத்தையும் சேர்த்துத் தடுத்துவிடும். நேராகச் சுவர்ப் பிளக்கில் மாற்றினேன். அப்போதும் இடையிடையே நின்றது. அபயாம்பாளை மிக்ஸியைப் போடச் சொன்னேன், நின்றது. அணைக்கச் சொன்னேன், வந்தது. விசாரணை நேரத்தில் மிக்ஸி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதோடு சரியாகிவிட்டது.

மாமாவுக்கு அத்தனை சந்தோஷம். "அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாளே" என்று மகளிடம் ஃபோனில் சொன்னார். அன்றிலிருந்து வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருந்தது.

அடுத்த வாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நான் பின்னறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். திரையில் யாரோ ஒரு சாட்சி, வயதானவர், ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். மாமா கையை உயர்த்தி நிறுத்தினார். "உங்க ஞாபகத்தை வெச்சுண்டு நான் எதுவும் எழுத முடியாது சார். காகிதம் இருந்தா காட்டுங்கோ" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அந்த வயதானவர் முன்னாலிருந்த காகிதங்களைப் புரட்டத் தொடங்கினார்.

நான் மாடிக்குப் போய் உலை வைத்தேன். சாதம் கொதிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

இரைச்சல் கிளப்பும் கருவி ஒன்றைச் செய்ய ஒரு மாலை போதுமானதாக இருந்தது. பழைய எல்இடி விளக்கின் மின்சுற்றை எடுத்து, இரைச்சல் வெளியே போகாமல் தடுக்க அதில் வைத்திருந்த பாகங்களை வெட்டிவிட்டேன். மாடிக்கும் கீழுக்கும் ஒரே மின்கம்பிதான். என் சமையலறை பிளக்கில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் அதைச் செருகினேன். சுவிட்சைப் போட்டால் கீழே பின்னறையில் இணைப்பு அறுந்துபோகும். அணைத்தால் சில வினாடிகளில் திரும்பிவிடும். மாமா ஸ்பீக்கரைச் சத்தமாக வைப்பவர். முற்றத்தின் வழியாக இரண்டு பக்கப் பேச்சும் எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

இணைப்பை ஒரேயடியாகக் கெடுப்பதில் பயனில்லை. அப்படிச் செய்தால் லைனைச் சந்தேகிப்பார்கள். தேர்ந்தெடுத்துக் கெடுக்க வேண்டும். மாமா பேசும்போது கையை, தலையை அசைக்காத மனிதர். அவர் படம் சற்று நேரம் உறைந்துபோனால் யோசிக்கிறார் என்றுதான் எதிரில் இருப்பவர்கள் நினைப்பார்கள்.

முதல் முறை, "இருபத்தெட்டாம் தேதிக்குள்ள பதில் தாக்கல் பண்ணிடணும்" என்று அவர் சொன்னபோது போட்டேன். ஒரு வாக்கியம்தான். அடுத்த விசாரணையில் வக்கீல், தேதி எதுவும் தரவில்லையே சார் என்றார். சொன்னேனே என்றார் மாமா. அவர்கள் பதிவைப் போட்டுக் காட்டினார்கள். பதிவில் மாமா பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அன்று மத்தியானம் என்னைக் கூப்பிட்டார். "லைன்ல ஏதாவது கோளாறான்னு பாரேன். நான் சொன்னது அவாளுக்குப் போகலை."

அடாப்டரை அவருக்குக் காட்டினேன். "மூணு லைட்டும் பச்சையா எரியறது பாருங்கோ மாமா. லைன் நன்னா இருக்கு."

"அப்போ நான் சொல்லலையா?"

"சொல்லணும்னு நெனச்சிருப்பேள். சொன்னதாவே தோணிடும். இந்த வயசுல சகஜம்தானே."

அவர் அந்தப் பச்சை விளக்குகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் முன்பே மூன்று வருடம் தினமும் பார்த்திருக்கிறேன். அதனால் உடனே அடையாளம் தெரிந்தது.

அதற்குப் பிறகு மாதத்துக்கு நான்கைந்து முறை. அதிகம் செய்யவில்லை. சில நாள் அவர் பேச்சை வெட்டுவேன். சில நாள் எதிரில் இருப்பவர்கள் ஏதாவது முக்கியமாகச் சொல்லும்போது வெட்டுவேன். பிறகு அவர் அதையே கேட்பார், "இப்பத்தான் சொன்னோமே சார்" என்பார்கள். முதலில் மரியாதையாகச் சொன்னார்கள். பிறகு, தன் மைக் திறந்திருப்பது தெரியாமல் ஒருவர் சிரித்தது எனக்கு மாடி வரைக்கும் கேட்டது.

மாமா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, சொன்னதையெல்லாம் எழுதத் தொடங்கினார். நல்ல யோசனை. அவர் கோயிலுக்குப் போன ஒரு காலையில் அதிலிருந்து இரண்டு தாளை நான் சுத்தமாக எடுத்துவிட்டேன்.

முதஸ்ஸிர் ஒருவர்தான் கிட்டத்தட்ட கண்டுபிடித்தார். மாமா மறுபடி புகார் கொடுத்திருந்தார். தாடி நரைத்த, நிதானமான ஆள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு மாடிப்படியில் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மேடம், எங்க லைன் சூப்பரா கீது. ரூட்டரும் ஓகே. ஆனா வூட்டு வயரிங்ல இன்னாவோ ஒண்ணு இரைச்சல் உடுது. வந்து வந்து போய்க்கினு கீது. மேல இன்னா இன்னா ஓடுதுன்னு ஒரு தபா பாத்துடலாமா?"

"மேலே ஃபேனும் ஃபிரிட்ஜும்தான் இருக்கு. நானே இதுக்கு வாத்தியாரா இருந்தவ. பார்த்துட்டேன்" என்றேன்.

"வாத்தியாரா? அப்ப செரி மேடம்" என்று இறங்கிப் போய்விட்டார். படிப்புக்கு மனிதர்கள் கொடுக்கும் மரியாதை சில சமயம் உதவுகிறது.

சாருலதா வாரம் ஒரு முறை எனக்கு ஃபோன் செய்வாள். நான் ஒன்றையும் பெரிதாகச் சொல்லமாட்டேன். அவளே கேட்டுக் கேட்டு வாங்க வேண்டும்.

"மாமி, அப்பா ஒரே விஷயத்தை ரெண்டு தடவை கேக்கறார். அங்க எப்படி இருக்கார்? நிஜத்தைச் சொல்லுங்கோ."

"நன்னாத்தான் இருக்கார். நீ அங்கேர்ந்து கவலைப்படாதே."

"லைன் பிரச்சினைன்னு சொல்றாரே?"

"ஆமாம், அப்படித்தான் சொல்லிண்டிருக்கார்" என்றேன். மறுமுனையில் அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். நல்ல பெண். அவள்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை.

இணைப்பை மட்டும் வைத்துக்கொண்டு ஓர் அளவுக்கு மேல் போக முடியாது. அதனால் மாமாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக் குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைத்தேன். பீரோ சாவியைப் பூஜை அலமாரியில் வைத்தேன். ஒரு காலை, அபயாம்பாள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், மாமா குளித்துக்கொண்டிருந்தபோது, அடுப்பைப் பற்றவைக்காமல் கேஸைத் திறந்து வைத்தேன். நான் பொறுப்பில்லாதவள் இல்லை. ஜன்னல்கள் திறந்திருந்தன, நான் முற்றத்திலேயே நின்றேன். அபயாம்பாள் வாசலில் கால் வைத்ததும் நானும் அவரோடு சேர்ந்து உள்ளே ஓடினேன்.

"மாமா அடுப்பங்கரைப் பக்கமே வரமாட்டாரே" என்றார் அபயாம்பாள்.

"காபி போட்டுக்கலாம்னு வந்திருப்பார்" என்றேன். மாமா ஈரத் தலையோடு வந்து நின்றார். நான் வரலையே என்று அவர் சொல்லவில்லை. "வந்தேனோ என்னமோ" என்றார். அந்தப் பதில் வருவதற்கு ஓர் ஆண்டும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. நடுவர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்; ஓய்வெடுக்கும்படி கேட்டுக்கொண்டு ஒரு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை எனக்கு அவரே வாசித்துக் காட்டினார், பிறகு மறுபடி வாசித்துக் காட்டினார். சாருலதா வந்து அவரை மருத்துவரிடம் அழைத்துப் போனாள். நானும் போனேன். கடிகாரம் வரைந்து பதினொன்றே கால் மணி காட்டச் சொன்னார் மருத்துவர். மாமா பென்சிலைப் பிடித்தபடி முதலில் சாருலதாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வட்டம் வரைந்து, எண்களைப் போட்டு, முள்ளைப் போடாமல் வைத்துவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை அவரை நாள் முழுவதும் தூங்கவைத்தது. அதன் பிறகு நான் கருவியைப் போட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இருந்தாலும் பிளக்கிலிருந்து எடுக்கவில்லை.

நங்கநல்லூரில் நினைவாற்றல் குன்றிய முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. விசாரித்துச் சொன்னது நான்தான். அவருடைய வேட்டிகளை மடித்துப் பெட்டியில் வைத்ததும் நான்தான். கோட்டு வேண்டுமா என்று கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார்.

மாட்டிக்கொண்ட விதம் உங்களுக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்ய சாருலதா வந்தாள். இணைப்பைத் துண்டிக்க முதஸ்ஸிர் வந்தார். அந்த ஆளுக்கு அந்த இரைச்சல் மனதிலேயே இருந்திருக்கிறது. மீட்டரிலிருந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக்கொண்டு மாடிக்கு வந்தார். நான் பாரதிய வித்யா பவனில் கச்சேரி கேட்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சாருலதா என் சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள், மடியில் அந்தச் சின்னப் பெட்டி. முதஸ்ஸிர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "வாத்தியார்னு சொன்னீங்களே மேடம்" என்றார். நான் மறுக்கவில்லை.

மறுநாளே அவள் நங்கநல்லூருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். உனக்கு ஒன்றும் இல்லை, வா வீட்டுக்குப் போகலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். அவர் வரமாட்டேன் என்றாராம். "நீரஜா அப்படிப்பட்டவ இல்லை. எனக்குத்தான் ஞாபகம் போயிடுத்து, உனக்குச் சொல்லக் கஷ்டமா இருக்கு" என்றாராம். இதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அப்போது என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். என்ன தேடினீர்கள் என்று தெரியவில்லை.

என் கணவரின் பெயரால் செய்தேன். செய்ததை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. இல்லத்துக்கு நான் ஒரு தடவை போயிருந்தேன், எதற்காக என்று கேட்டிருந்தீர்கள்.

அவர் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை பதினோரு மணி இருக்கும். நான் யாருடைய மனைவி என்று சொல்லிவிட்டு வரத்தான் போனேன். அது தெரியாமல் அவர் அங்கே உட்கார்ந்திருப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்திருந்தார்கள். வாங்கிப் போன திராட்சையைக் கொடுத்தேன்.

"மாமா, வெங்கடரமணன்னு ஒருத்தர். பொன்ராஜ் கேஸ். ஞாபகம் இருக்கா?"

"உங்காத்துக்காரர்" என்றார்.

நான் திராட்சை வாங்கி வந்த பையை மடித்தேன்.

"நீ வீடு பார்க்க வந்த அன்னிக்கே தெரியும்மா. அவர் பர்ஸ்ல உன் போட்டோ வெச்சிருந்தார், காமிச்சிருக்கார். அதனாலதான் சுப்புராயன்கிட்ட வேற யாரையும் கூட்டிண்டு வராதேன்னு சொன்னேன். நீயா கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீ கேக்கலை." திராட்சையை ஒவ்வொன்றாகப் பிய்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். "சரியாத்தான் சொல்றேனான்னு தெரியலை. இப்பல்லாம் எனக்கே என்மேல நம்பிக்கை இல்லை. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோ."

"சொல்லுங்கோ."

"விசாரணை முடியற சமயத்துல ஒரு சனிக்கிழமை ஆத்துக்கு வந்தார். அப்படி ஒரு ஃபோனே வரலை சார்னு அழுதார். இன்னும் கால் மணி வேணும்னு சொல்றதுக்குக் கம்பத்தடியிலேர்ந்து அவாதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கா. லைன் கிடைக்கலை. இவர் ஆத்துக்காரியோட பேசிண்டிருந்தார். நாத்தனார் பொண்ணு சீமந்தத்துக்குப் போறதா வேண்டாமான்னு ஏதோ தர்க்கம். அரை மணி நேரம். பதினோரு மணிக்கு ஃபோனை வெச்சுட்டு, கடிகாரத்தைப் பார்த்தார், சுவிட்சைப் போட்டுட்டார்." ஒரு திராட்சையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். "எனக்கு என்ன வேணா பண்ணுங்கோ சார், ஃபோன்ல இருந்தது அவள்னு மட்டும் எழுதாதீங்கோ, தெரிஞ்சா அவ உயிரோட இருக்கமாட்டாள்னார். பொய் சொன்னார்னு எழுதினா ஜெயிலுக்குப் போவார். நெஜத்தை எழுதினா உன் பேர் வரும். அதனால ஞாபகம்னு எழுதினேன். பொன்ராஜ் ஆத்துக்கு நான் பண்ணினது துரோகம்தான். அவனோட அம்மா அறிக்கை வந்த அன்னிக்கு வாசல்ல நின்னுண்டிருந்தா. நான் பின்வாசல் வழியா போயிட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்து, "இது நெஜமா நடந்ததா, நானா நெனச்சுக்கறதா? உனக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"நீங்களா நெனச்சுக்கறது மாமா" என்றேன். அவர் தலையை ஆட்டினார். அவருக்கு ஆறுதலாக இருந்தது என்றுகூட எனக்குத் தோன்றியது.

இதை நீங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன், மேடம். அவர் மாத்திரையில் இருப்பவர். மருத்துவச் சான்று இருக்கிறது. எதையோ எதனோடோ சேர்த்துச் சொல்கிறார். அந்த வியாழக்கிழமை எனக்கு முழுவதும் நினைவிருக்கிறது. பாலிடெக்னிக்குக்கு விடுமுறை. வெண்டைக்காய்க் குழம்பும் கொத்தவரங்காய்க் கறியும் செய்தேன். மாவு மெஷினுக்குப் போக வேண்டியிருந்தது, போகவில்லை. பன்னிரண்டு மணிக்குத் தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து விபத்து என்று சொன்னார். நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் மகளுக்கு அடுத்த வாரம் சீமந்தம் இருந்ததும் உண்மைதான். போவதில்லை என்று அன்று காலைதான் முடிவு செய்தோம். என் கணவர் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவரிடம் அதை எப்போது பேசி முடிவு செய்தேன் என்பது மட்டும் எனக்கு நினைவில் இல்லை.